உங்கள் முகத்தைப் படிக்க அங்கே யாரும் இல்லை

கேள்வியைச் சுருக்கமாக முதலில் வைத்துவிடுகிறேன். வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போய் ஏழெட்டு மாதம் ஆன 23 வயது இளைஞர் ஒருவர் கேட்கிறார்: "அறையில் என்னோடு இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அலுவலகத்திலும் எல்லோரும் நன்றாகவே பழகுகிறார்கள். அம்மா தினமும் அழைத்துப் பேசுகிறார். இருந்தும் உள்ளே ஏதோ சரியில்லை. அது சோகமா, சோர்வா, கோபமா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. 'என்ன ஆயிற்று?' என்று யாராவது கேட்டால் 'ஒன்றுமில்லை' என்றுதான் வாயில் வருகிறது. இத்தனை பேர் இருந்தும் துணை இல்லாததுபோல் தோன்றுவது என் குறையா?"

குறை இல்லை. ஆனால் நீங்கள் இரண்டு தனித்தனிச் சிக்கல்களாகச் சொல்லியிருப்பதை நான் ஒன்றாகவே பார்க்கிறேன். என்ன உணர்கிறோம் என்று தெரியாதது ஒன்று, துணை இல்லாததுபோல் தோன்றுவது இன்னொன்று. முதலாவது இருக்கும்வரை இரண்டாவது தீராது. உங்களைச் சுற்றி எத்தனை நல்லவர்கள் இருந்தாலும் இதுதான் நிலை.

வீட்டில் இருந்தவரை உங்கள் மனநிலையை நீங்களே கண்டறிந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவை அதிகம் இருந்திருக்காது. நீங்கள் கதவைச் சாத்திய விதத்திலேயே அங்கே ஒருவருக்கு விஷயம் புரிந்துவிடும். தட்டில் மீதம் வைத்ததைப் பார்த்து இன்னொருவர் கேட்பார். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் முகம் என்பதால், அதன் இயல்பான தோற்றம் எது, வாடிய தோற்றம் எது என்று அவர்களுக்குத் தெரியும். உங்களை அறியும் வேலையில் பாதியை உங்களுக்காக வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள். நீங்கள் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டீர்கள்.

புதிய இடத்தில் அந்த ஏற்பாடு இல்லை. உங்கள் அறைத்தோழருக்கு உங்களை ஏழெட்டு மாதமாகத்தான் தெரியும். அதிலும் பெரும்பகுதி நீங்கள் வாடியிருந்த காலம். 'இவர் சுபாவமே அமைதிதான் போலிருக்கிறது' என்று அவர் முடிவு செய்திருப்பார். அவருக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க உங்களுடைய பழைய முகம் அவரிடம் இல்லை, அவ்வளவுதான். தொலைபேசியில் அம்மாவுக்கும் உங்கள் முகம் கிடைப்பதில்லை. குரல் கிடைக்கிறது, அதையும் நீங்கள் சரிசெய்துகொண்டுதான் பேசுகிறீர்கள். ஆகவே வீட்டை விட்டு வந்தவர் கூடுதலாக ஒரு வேலையைக் கற்றாக வேண்டியிருக்கிறது. தன் முகத்தைத் தானே படித்து, படித்ததை இன்னொருவரிடம் சொல்லும் வேலை. 18 முதல் 25 வரையிலான வயதைத் தனியொரு வாழ்க்கைப் பருவமாகக் கருத வேண்டும் என்று உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000-இல் வாதிட்டார். இருப்பிடம் அடிக்கடி மாறுவதை அந்தப் பருவத்தின் முக்கிய அடையாளமாக அவர் காட்டினார். பழக்கமில்லாத வேலையை, பழக்கமில்லாத ஊரில், அடிக்கடி மாறும் ஆட்களுக்கு நடுவே கற்க வேண்டிய வயது அது. தடுமாறுவதில் வியப்பில்லை.

இந்தத் திறனுக்குப் படிநிலைகள் உண்டு. ரிச்சர்ட் லேன், கேரி ஷ்வார்ட்ஸ் என்ற இருவர் 1987-இல் உணர்வறிதலை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். அடிமட்டத்தில் உடல் மட்டும் பேசும்: தலை கனக்கிறது, நெஞ்சு அடைக்கிறது. அடுத்த நிலையில் ஏதாவது செய்துவிடத் தோன்றும்: படுத்துவிடலாம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவிடலாம். மூன்றாவது நிலையில்தான் 'எனக்கு வருத்தம்' என்று ஓர் உணர்வு தனியாகத் தெரியும். நான்காவதில் ஒன்றுக்கு மேற்பட்ட உணர்வுகள் கலந்து தெரியும். நண்பனுக்குப் பதவி உயர்வு கிடைத்ததில் மகிழ்ச்சியும் இருக்கிறது, பொறாமையும் இருக்கிறது, பொறாமைப்பட்டதற்காக வெட்கமும் இருக்கிறது என்று ஒருவரால் சொல்ல முடிந்தால் அவர் இந்த நிலையில் இருக்கிறார். ஐந்தாவதில், தன் கலவையையும் எதிரே இருப்பவரின் கலவையையும் பிரித்து ஒரே நேரத்தில் பார்க்க முடியும்.

உங்கள் கடிதத்தை இதில் பொருத்திப் பார்த்தால் முதல் இரண்டு படிகளுக்குள் நிற்கிறது. அதில் தவறில்லை. களைத்துப்போன எல்லோரும் அங்கேதான் இறங்குகிறார்கள். நன்றாகத் தூங்கிய நாளில் நான்காம் நிலையில் பேசுபவர், மூன்று நாள் தூக்கமில்லை என்றால் 'தலை வலிக்கிறது' என்று மட்டும் சொல்வார். உணர்வை இனம்காணவும் விவரிக்கவும் நிலையாகவே சிரமப்படுபவர்களும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் அதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர் வைத்தார். அது ஒரு நோய் அல்ல, ஆளுக்கு ஆள் கூடிக்குறையும் ஒரு பண்பு. இணையத்தில் கிடைக்கும் வினாத்தாளை நிரப்பிவிட்டு அந்தப் பட்டத்தை நீங்களே சூட்டிக்கொள்ள வேண்டாம். முன்பு உங்களுக்கு இது வந்ததா, இப்போது வராமல்போனதா என்பதை மட்டும் யோசியுங்கள். முன்பு வந்தது என்றால் அது மீண்டும் வரும்.

பெயர் தெரிந்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கொஞ்சம் ஆகிறது. மாத்யூ லீபர்மன் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைப் பலருக்குக் காட்டி மூளையைப் படமெடுத்தார்கள். அந்த முகத்தில் தெரியும் உணர்வுக்குப் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, அச்ச எச்சரிக்கையோடு தொடர்புள்ள அமிக்டலாவின் செயல்பாடு தணிந்தது. நெற்றிப்புற மூளையின் வலப்பக்கத்தில் ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. அதே முகத்துக்குப் பொருத்தமான ஆள்பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அப்படி நடக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் படம் பார்ப்பதும் இரவு இரண்டு மணிக்கு உங்கள் அறையில் நடப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பெயர் தெரிவதால் வரும் பெரிய பயன் வேறு. என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்பது அப்போதுதான் தெளிவாகும். 'ஏதோ போல் இருக்கிறது' என்பதை வைத்துக்கொண்டு எவராலும் எதுவும் செய்ய முடியாது. அதைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். வீட்டு நினைவா? அது வேலை ஓய்ந்த நேரங்களில்தான் தலைகாட்டும், பழகிய குரலைக் கேட்டால் சற்று அடங்கும் அல்லது பெருகும். வேலையில் திறமை போதவில்லை என்ற வெட்கமா? அப்படியென்றால் அம்மாவின் குரல் அதைத் தீர்க்காது. அந்த வேலையை அறிந்த மூத்தவர் ஒருவர் 'முதல் வருடம் எல்லோருக்கும் இப்படித்தான்' என்று சொல்ல வேண்டும். கூட இருப்பவர்மேல் கோபமா? அவரிடமே பேசியாக வேண்டும். வெறும் களைப்பா? தூக்கம்தான் மருந்து, மனிதர்களைத் தேடிப் போனால் இன்னும் களைப்பீர்கள்.

தனிமையிலும் இரண்டு வகை உண்டு என்று ராபர்ட் வைஸ் 1973-இல் எழுதினார். நம்மைச் சேர்த்துக்கொள்ள ஒரு கூட்டம் இல்லாதது ஒன்று. மனம்விட்டுப் பேச நெருக்கமான ஓர் ஆள் இல்லாதது இன்னொன்று. ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்ப முடியாது என்பது அவருடைய வாதத்தின் மையம். உங்களுக்குக் கூட்டம் இருக்கிறது. 'இன்னும் நாலு பேரோடு பழகு, வெளியே போ' என்ற வழக்கமான அறிவுரை உங்களுக்கு ஏன் உதவவில்லை என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஊருக்கு வந்த முதல் வாரத்தில் இருப்பவருக்கு அதே அறிவுரை மிகச் சரியானது.

பெயர் தேடுவது எப்படி? மனத்துக்குள் உட்கார்ந்து 'நான் என்ன உணர்கிறேன்' என்று சுழன்றுகொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பலருக்கு அது வெறும் கவலையாகவே முடிகிறது. உடலில் தொடங்கி நிகழ்ச்சிக்குப் போவது எளிது: தோள் எப்போது இறுகியது, அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள். நிகழ்ச்சி கிடைத்துவிட்டால் உணர்வு பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். எழுதுவதும் உதவும். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை உலுக்கிய அனுபவத்தைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதனால் எழுந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதி முடித்த உடனே அவர்களின் மனநிலை முன்னைவிட மோசமாக இருந்தது என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. முதல் நாள் எழுதிவிட்டு 'இதனால் இன்னும் கனமாகிவிட்டதே' என்று நிறுத்திவிடுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பின்னாளில் வந்த ஆய்வுகளில் எழுத்தின் பலன் அளவானதாகவே தெரிகிறது. பெரிய மாற்றத்தை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி துணையைப் பற்றி. சமூக ஆதரவை நான்கு வகையாக ஜேம்ஸ் ஹவுஸ் 1981-இல் பிரித்தார். காதுகொடுத்துக் கேட்பதும் அன்பு காட்டுவதும் ஒரு வகை. பணம், நேரம், கைவேலை என்று நேரடியாக உதவுவது இன்னொன்று. வழி சொல்வது மூன்றாவது. 'நீ செய்தது சரிதான்' என்பதுபோல நம்மை நாமே மதிப்பிட உதவும் கருத்துச் சொல்வது நான்காவது. நான் பார்த்தவரையில், வீட்டாரோடு வரும் மனத்தாங்கலில் பெரும்பகுதி இந்த வகைகள் குறுக்கே மாறிப்போவதால் வருவது. மகன் 'இங்கே மனமே ஒட்டவில்லை அப்பா' என்கிறான். அவன் கேட்டது முதல் வகை. அப்பா உடனே மூன்றாவதைத் தருகிறார்: வேறு அறை பார், சீக்கிரம் தூங்கு, செல்பேசியைக் குறை. அவரும் அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் மகனுக்கு 'என்னை யாரும் கேட்பதில்லை' என்று தோன்றுகிறது. அடுத்த முறை அவன் வாயைத் திறப்பதில்லை.

இதற்கு நான் சொல்லும் தீர்வு மிகச் சாதாரணமானது. பேச்சைத் தொடங்கும்போதே எது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். "அப்பா, இதற்கு வழி எதுவும் சொல்ல வேண்டாம், பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருங்கள், போதும்." முதல் தடவை செயற்கையாகத்தான் இருக்கும். அப்பா நான்காவது நிமிடத்திலேயே அறிவுரைக்குத் தாவிவிடக்கூடும். பரவாயில்லை, நினைவூட்டுங்கள். 'நான் சொல்லாமலேயே புரிந்துகொள்ள வேண்டும், அதுதான் அன்பு' என்ற எதிர்பார்ப்பு நம்மில் பலருக்கு உண்டு. முகம் பார்த்துப் புரிந்துகொண்ட காலத்தில் உருவான எதிர்பார்ப்பு அது. தொலைவில் இருப்பவர்களிடம் அதை வைத்தால் அவர்கள் தோற்பார்கள், நீங்கள் காயப்படுவீர்கள்.

அம்மாவின் தினசரி அழைப்பில் 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லி முடித்துக்கொள்வதன் காரணம் எனக்குப் புரிகிறது. அவர் தூங்காமல் இருப்பார் என்று பயப்படுகிறீர்கள். அதற்காக எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு சிறிய உண்மை போதும்: 'இன்று கூட்டத்தில் என் வேலையைக் குறை சொன்னார்கள், கொஞ்சம் வருத்தமாக இருந்தது.' சிறிய உண்மைகளைக் கேட்டுப் பழகியவர் பெரிய உண்மை வரும்போது பதறுவது குறையும். மாதக்கணக்கில் நலம் என்றே கேட்டுவந்தவரிடம் ஒருநாள் திடீரென்று உடைந்து பேசினால்தான் அவர் நிலைகுலைவார்.

நெருக்கடியில் நம்மைத் தாங்குவது எது என்று ஷெல்டன் கோஹனும் தாமஸ் வில்ஸும் 1985-இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். தேவைப்பட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் மன அழுத்தத்தின் அடியைக் குறைக்கிறது என்று தெரிந்தது. கைக்கு வந்த உதவியின் கணக்கு வேறு விஷயம். நியால் போல்ஜரும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் சிக்கலாக்குகிறது. நியூயார்க் மாநில வழக்கறிஞர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் தினமும் குறிப்பெழுதச் சொன்னார்கள். 'இன்று எனக்கு ஆதரவு கிடைத்தது' என்று தேர்வு எழுதுபவர் உணர்ந்த நாட்களுக்குப் பின் அவர் மனச்சோர்வு கூடியே இருந்தது. துணைவர் ஆதரவு தந்ததாகக் குறித்து, பெற்றவர் அதைக் கவனிக்காமலே போன நாட்கள்தான் நன்மை செய்தன. உதவி பெறுகிறோம் என்ற உணர்வே 'நான் இயலாதவன்' என்ற எண்ணத்தையும் கூட்டிவருகிறது போலும். உதவி கேட்கத் தயங்குவது வெறும் வறட்டுக் கௌரவம் என்று நான் நினைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

தயக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தப்புக்கணக்கும் இருக்கிறது. ஃபிராங்க் ஃபிளின், வனெஸ்ஸா லேக் இருவரும் 2008-இல் காட்டியது இது: முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு சிறிய உதவி கேட்டால் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்று கேட்பவர்கள் கணிக்கும்போது, உண்மையில் சம்மதிப்பவர்களில் பாதி அளவைத்தான் எதிர்பார்க்கிறார்கள். மறுப்பதன் சங்கடத்தை எதிரே இருப்பவரும் உணர்கிறார் என்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. நம்மை மற்றவர்கள் எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதிலும் இதே பிழைதான். எரிகா பூத்பி குழுவின் 2018 ஆய்வில், முதல் உரையாடலுக்குப் பின் ஒவ்வொருவரும் தன்னை மற்றவர் விரும்பிய அளவைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஒரே விடுதித் தொகுப்பில் சேர்ந்து தங்கிய முதலாண்டு மாணவர்களிடம் அந்தப் பிழை பல மாதங்கள் நீடித்தது. உங்கள் அறைத்தோழர்கள் இருவரும் இந்நேரம் இதே தப்புக்கணக்கோடு படுத்திருக்கக்கூடும்.

நெருக்கமான நட்புக்குக் காலம் தேவை. ஜெஃப்ரி ஹால் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளரின் கணிப்பில், அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணிநேரம் சேர்ந்து கழிக்க வேண்டும். நெருங்கிய நட்புக்கு 200 மணிநேரத்துக்கு மேல். ஒரே இடத்தில் வேலை செய்யும் நேரத்துக்கு இதில் மதிப்பு குறைவு என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த தகவல். வேடிக்கையாக, கடமையில்லாமல் கழித்த நேரம்தான் நட்பாகிறது. வாரம் ஐம்பது மணிநேரம் அலுவலகத்தில் சேர்ந்திருந்தும் நெருக்கம் வரவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டாம். புதிய ஆட்களைத் தேடி அலைவதைவிட, இருப்பவர்களில் ஒருவரோடு வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்வது பலன் தரும். நடை, விளையாட்டு, சமையல், எதுவானாலும் சரி. ஒவ்வொரு முறையும் புதிதாகத் திட்டமிட வேண்டியிருந்தால் மூன்றாவது வாரமே நின்றுவிடும்.

அதுவரை மேலோட்டமான பழக்கங்களையும் அலட்சியப்படுத்தாதீர்கள். பேருந்தில் தினமும் பார்ப்பவர், கீழ்த்தளத்துக் காவலாளி, பக்கத்து மேசைக்காரர். கில்லியன் சாண்ட்ஸ்ட்ரமும் எலிசபெத் டனும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கத்தைவிட அதிக வகுப்புத் தோழர்களோடு ஓரிரு வார்த்தை பேசிய நாட்களில் மாணவர்கள் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தார்கள். இவர்களிடம் மனம்விட்டுப் பேச முடியாதுதான். ஆனால் ஓர் ஊரில் நாமும் இருக்கிறோம் என்ற உணர்வை இவர்களே தருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. மனம்விட்டுப் பேச ஆள் கிடைத்ததும் இருவரும் சேர்ந்து ஒரே வருத்தத்தைத் திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருப்பது உண்டு. அமாண்டா ரோஸ் 2002-இல் பள்ளிப் பிள்ளைகளிடம் இதை ஆராய்ந்தார். அப்படிப் பேசுபவர்களிடையே நட்பு இறுகுகிறது, கூடவே கவலையும் மனச்சோர்வும் அதிகமாகக் காணப்படுகின்றன. விடுதி அறைகளில் நள்ளிரவு தாண்டி நடக்கும் பேச்சுகளில் பாதி இந்த ரகம். பேசிய பிறகு விஷயம் கொஞ்சமாவது புதிதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். மூன்றாவது இரவும் அதே வாக்கியங்கள்தான் என்றால் எழுந்து வெளியே நடந்துவிட்டு வாருங்கள், இருவருமாக.

உங்கள் அறைத்தோழர் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை அவர் 'என்ன ஆயிற்று?' என்றால் முழுப் பதிலைத் தேட வேண்டாம். 'சரியாகத் தெரியவில்லை, ஆனால் ஒரு வாரமாகவே மனம் கனமாக இருக்கிறது' என்பது உண்மையான, முழுமையான பதில். தெரியவில்லை என்பதையும் ஒருவரிடம் சொல்லலாம். அவர் இரண்டு கேள்வி கேட்பார், அதற்குப் பதில் தேடும்போதுதான் பலருக்குச் சொல் கிடைக்கிறது. உணர்வு தெளிந்த பிறகுதான் பேச வேண்டும் என்று காத்திருப்பவர்கள் வருடக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சில நிலைகளில் நண்பர்கள் போதாது. இரண்டு வாரமாக அநேகமாக எல்லா நாளும் மனம் தாழ்ந்தே இருக்கிறது, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டும். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் நாள் கணக்கு வேண்டாம். அன்றே, அருகில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். அல்லது உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். 'என்ன உணர்கிறேன் என்றே சொல்லத் தெரியாமல் மருத்துவரிடம் போய் என்ன பேசுவது' என்பது நான் அடிக்கடி கேட்கும் தயக்கம். எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், எப்போது விழிப்பு வருகிறது, எந்த மாதத்திலிருந்து இப்படி, எதைச் செய்வதை நிறுத்திவிட்டீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். மற்றதை அவர் கேட்டுக்கொள்வார்.